செருப்பைக் கழற்ற மறந்த உளவாளி

பஸ்ஸில் ஆட்களைப் பின்தொடர்வது என் தொழில். (போலீஸ் இல்லை, டீச்சர்.) புனேயில் ஒரு சிறப்புப் பள்ளியில், படிப்பை முடிக்கும் பிள்ளைகளை வேலைக்குப் பழக்குகிறேன். கடைசிப் பாடம், தனியாக பஸ்ஸில் போவது. பிள்ளைக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்க் கவனிப்போம். அந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது, ஜெனிபர் வரும்வரை.

ஜெனிக்கு டவுன் சிண்ட்ரோம். ஹடப்சரில் ஓர் ஐடி கம்பெனி கேன்டீனில் வேலை கிடைத்திருந்தது. அவள் அம்மா ஸ்டெல்லாக்காதான் மசியவில்லை. "ஒரு தடவை தனியா ஒழுங்கா போய்ச் சேரட்டும் டீச்சர். இல்லேன்னா இந்த வேலையே வேணாம்" என்றார். ஜெனியோ கேன்டீன் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் தூங்கவே போவாள்.

பரீட்சை நாள் வந்தது. இந்த ஊர் ஸ்கூட்டர் பெண்களைப்போல் கண் மட்டும் தெரிய முகத்தில் ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு, கேம்ப் ஏரியா ஸ்டாப்பில் அவள் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். ஜெனி சீட் மாறினாள். நானும் மாறினேன். (என்ன ஒரு துப்பறியும் மூளை!) சட்டென்று எழுந்து என்னைக் கைகாட்டினாள்.

"கண்டக்டர் காகா! இந்த ஆண்ட்டி என் பின்னாலயே வர்றாங்க!" என்று இந்தியில் போட்டாள் ஒரு சத்தம். அப்படிச் சத்தம் போடச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான்.

பஸ்ஸே என் பக்கம் திரும்பியது. நான் டீச்சர் என்று விளக்கப் பார்த்தேன். என் இந்தி காய்கறி பேரத்தைத் தாண்டாது. பக்கத்து சீட் அம்மாள், "பிள்ளை பிடிக்கிறவளும் இப்படித்தான் சொல்வா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அப்போது கடைசி சீட்டிலிருந்து இன்னொரு ஸ்கார்ஃப் எழுந்தது. "ஐயோ, அவங்க டீச்சர்தாங்க, விட்டுருங்க!" வீட்டிலேயே இருப்பதாக எனக்குச் சத்தியம் செய்திருந்த ஸ்டெல்லாக்கா!

கண்டக்டருக்குச் சந்தேகம் தீர்ந்தது. இது கும்பல்தான். "உத்ரா! தோகீ உத்ரா!" என்று மராத்தியில் விரட்டி, இரண்டு பேரையும் இறக்கிவிட்டு விசிலடித்தார். பஸ் போயே போய்விட்டது.

"பிள்ளை தனியா போகுதே டீச்சர்!" என்று நடுரோட்டில் அழுதார் ஸ்டெல்லாக்கா. அவள் தனியாகப் போக வேண்டும் என்பதற்குத்தானே இத்தனை கூத்தும்? ஆனாலும் வந்த ஆட்டோவுக்கெல்லாம் கைகாட்டினேன். ஓர் ஆட்டோவும் நிற்கவில்லை. (இரண்டு பேருமே ஸ்கார்ஃபை இன்னும் அவிழ்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.)

ஒருவழியாகப் போன் வந்தது. "மிஸ், வந்துட்டேன். தொப்பி போட்டாச்சு. நீங்களும் மம்மியும் ஏன் பாதியில இறங்கிட்டீங்க?"

"எங்களைத் தெரிஞ்சுதா?"

"உங்க கோலாப்பூர் செருப்பு கிறீச் கிறீச்னு கத்துச்சே."

"அப்புறம் ஏன்டி ஊரைக் கூட்டுன?"

"யாரு பின்னால வந்தாலும் சொல்லணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

போனை வாங்கிய ஸ்டெல்லாக்கா, "சாயங்காலம் அதே பஸ்ல வந்துரு" என்றார்.

இப்போதும் என் மகன் வெளியே கிளம்பும்போது நான் வாசல்வரை போனால், "ஸ்கார்ஃப் எங்கம்மா?" என்பான். ஜெனியைப் பள்ளிக்கு அழைத்து, அடுத்த பிள்ளைகளுக்கு பஸ் பாடம் நடத்தச் சொல்கிறோம். அவள் பாடம் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "பஸ்ல ஏறினதும், மொதல்ல எல்லார் செருப்பையும் பாருங்க."