பலகைக்கு மேல் நின்று வளர்த்த உடம்பு

மெலிந்த ஆளுக்குப் புத்தி சொல்ல ஊரில் எல்லாருக்கும் உரிமை உண்டு. கொழுத்த ஆளுக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள்கூட, மெலிந்தவனைக் கண்டால் நின்று ஏற இறங்கப் பார்த்து, "என்ன தம்பி, வீட்டில சோறு போடுறேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வாலிப வயதில் நான் அப்படிப்பட்ட ஒரு மெலிந்தவன். வேட்டி இடுப்பில் நிற்க ஒரு பட்டி வேண்டும். அந்தப் பட்டி நிற்க இன்னொரு பட்டி வேண்டும். அம்மா விடியற்காலையில் நல்லெண்ணெயில் பச்சை முட்டை அடித்துத் தருவார். அது எங்கே போனதோ, என் உடம்பில் மட்டும் சேரவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உருத்திரபுரத்தில் ஒரு நெல் குத்தும் ஆலையில், எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதும் பெல்ட் கழன்றால் மாட்டுவதும் என் வேலை. மூட்டை தூக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்குப் பேச்சு வராது. எஞ்சின் சத்தத்துக்குள் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்க்காததால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அக்கராயனில் இருந்து வைத்திலிங்கம் என்பவர் வண்டியில் நெல் கொண்டுவருவார். கூடவே மகள் பூமணியும் வருவாள். ஒருநாள் அவள் என்னிடம், "தவிட்டுச் சாக்கு எங்கை?" என்று கேட்டாள். நான், "அங்கை" என்றேன். (எங்கள் காதல் முழுவதும் இவ்வளவுதான்.) அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்த உடம்பும் குறைந்தது.

அம்மா எப்படியோ கண்டுபிடித்து, மாமாவைப் பேசி வர அனுப்பினார். வைத்திலிங்கம் சொல்லிவிட்ட பதிலை மாமா அப்படியே வந்து சொன்னார்.

"பெடியன் நல்லவன், எனக்குத் தெரியும். ஆனா என்ர காணிக்கு ஆம்பிளை வேணும். சூடு மிதிச்சு நெல்லை மூட்டை கட்டி முடியிற அண்டைக்கு வரச் சொல்லுங்கோ. ஒரு மூட்டையைத் தனிய வண்டியில ஏத்தட்டும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

எங்கள் பக்கத்தில் அப்போது மாப்பிள்ளை பார்ப்பது இப்படித்தான். பொம்பிளையை வீட்டில் பார்ப்பார்கள். மாப்பிள்ளையை நெற்களத்தில் பார்ப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து என் சிநேகிதன் தியாகு கொழும்பிலிருந்து லீவில் வந்தான். அங்கே ஒரு பெரிய கடையில் வேலை. என் கவலையைக் கேட்டதும் தொடையில் தட்டினான்.

"உதுக்கே யோசிக்கிறாய்? கொழும்பில தேகப்பயிற்சிக்கு மிசின் வந்திட்டுது மச்சான். ஒரு பலகையில ஏறி நிக்க வேண்டியதுதான். கரண்டைப் போட்டா உச்சியில இருந்து உள்ளங்கால் மட்டும் உலுப்பும். ஓடவும் தேவையில்லை, குனியவும் தேவையில்லை. துரைமார் வரிசையில நிக்கினம்."

"உடம்பு வைக்குமே?"

"உடம்பே மாறிப் போகும்."

எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. ஆனால் என்னிடம் எஞ்சின் இருந்தது. அதன் பக்கத்தில் பெல்ட் ஓடும் குழிக்கு மேல் ஒரு பலகை போட்டிருந்தோம். எஞ்சின் ஓடும்போது அந்தப் பலகை துடிக்கிற துடிப்பில், மேலே வைத்த எண்ணெய்ப் போத்தல் தானாக நடந்து போய்க் கீழே விழும். நான் போத்தலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்னை வைத்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். (கடித்த பல்லும் தாளம் போடும்.) கன்னம் ஆடும், காது ஆடும், வயிற்றுக்குள் அம்மாவின் முட்டை ஆடும். ஒருநாள் முதலாளி கண்டுவிட்டார்.

"டேய், பலகையில நிண்டு என்ன தவமோ செய்யிறாய்?"

"எஞ்சி...ஞ்சின் சத்தம் கே...கேட்டுப் பாக்கிறன் முத...லாளி."

இறங்கிய பிறகு கைகால் விறுவிறுக்கும். அதுதான் பலம் ஊறுவது என்று நம்பினேன்.

வைத்திலிங்கம் சொன்ன நாள் வந்தது. கடைசி நாள் என்பதால் காலையில் எஞ்சின் தொடங்கியதிலிருந்து மத்தியானம் நிறுத்தும்வரை, முழு மருந்தையும் ஒரேயடியாகக் குடிப்பதுபோல், பலகையை விட்டு இறங்காமல் நின்றேன். அங்கிருந்து சைக்கிளில் அக்கராயனுக்கு. கிரவல் ரோடு தன் பங்குக்கும் உலுப்பித் தந்தது. களத்தில் போய் இறங்கியபோது என் கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

"வாரும் தம்பி" என்றார் வைத்திலிங்கம். மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வண்டி ஆயத்தமாக நின்றது. பூமணி தாயோடு மர நிழலில் நின்றாள்.

குனிந்து ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்தேன். அதை அசைப்பதற்கு முன்பே நான் அசையத் தொடங்கிவிட்டேன். முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு தாடை. கொஞ்சம் தூக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். மூட்டையின் கட்டு அவிழ்ந்து, நெல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சரிந்தோம். விழுந்த இடத்திலும் நடுக்கம் நிற்கவில்லை.

"இஞ்சருங்கோ!" என்று பூமணியின் தாய் கத்தினார். "பெடியனுக்கு உரு வந்திட்டுது! வற்றாப்பளை அம்மாளுக்கு ஏதும் நேர்த்தி விட்டுப் போச்சோ?"

வைத்திலிங்கம் ஓடிவந்தார். "உருவும் இல்லை ஒண்டும் இல்லை. உது குளிர்காய்ச்சல்! மலேரியா நாட்டை விட்டே போட்டுது எண்டு மருந்தடிக்க வந்தவங்கள் சொன்னவங்கள். இஞ்ச வந்து பாக்கட்டும்! பிள்ளை, கம்பளியைக் கொண்டு வா!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அவர் மலேரியாவுக்கான கொயினா மாத்திரையைப் போட்டார். வாழ்க்கையில் அவ்வளவு கசப்பை நான் கண்டதில்லை. அந்த உச்சி வெயிலில் கம்பளியால் சுற்றி, சாக்குகளுக்கு மேல் கிடத்தினார்கள். எல்லாம் முடிந்தது என்று வியர்வையில் மிதந்துகொண்டு கிடந்தேன்.

பூமணி கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். பேணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"காய்ச்சல் இல்லை என்ன?"

நான் கம்பளிக்குள் முகத்தை இழுத்தேன்.

"போன கிழமை வண்டியில இருந்து கண்டனான். ஆலையில அந்தப் பலகையில ஏறி நிண்டு என்ன செய்தனீங்கள்?"

"உடம்பு வைக்க. மூட்டை தூக்க. தியாகு சொன்னவன்..." அதுவரை ஒரு பெண்ணிடம் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

"என்னைக் கட்டவோ?"

"ஓம்."

அவள் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. எழுந்து தகப்பனிடம் போனாள். போட்டுக் கொடுக்கப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, உந்தக் காய்ச்சலோட உருத்திரபுரத்தில இருந்து சைக்கிள் மிதிச்சு வந்திருக்கிறார்."

தகப்பன் திரும்பி என் சைக்கிளைப் பார்த்தார்.

"ஓமடி பிள்ளை" என்றார் வைத்திலிங்கம். "வேற ஆள் எண்டா ஒரு சாட்டுச் சொல்லிப்போட்டு வீட்டில படுத்திருப்பான்."

வந்து கம்பளியை என் கழுத்துவரை இழுத்துவிட்டார். "தம்பி, மூட்டை தூக்க நான் ஆள் பிடிப்பன். நீர் சுகமாகி வாரும்."

எங்கள் கலியாண வீட்டுப் பந்தியில்தான் குட்டு வெளிப்பட்டது. தியாகு பக்கத்தில் இருந்து சாப்பிட்டபடி, "கடைசியா எப்பிடியடா உடம்பைத் தேத்தினனீ?" என்று கேட்டான். உன் மிசின் முறைதான் என்று பலகைக் கதையைச் சொன்னேன். அவன் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டான்.

"மச்சான், அது தொந்தி வைச்ச துரைமாருக்கு உடம்பு குறைக்கிற மிசினெல்லோ! உனக்குக் குறைக்க என்னடா கிடக்குது?"

பின்னால் சாம்பார் வாளியோடு நின்ற மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மருமோன்," என்றார், "என்ர கொயினாவைத் திருப்பித் தாரும்."

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வாளி தளம்பிச் சாம்பார் என் பட்டு வேட்டியில் கொட்டியது. சாகும்வரை என்னைக் கண்டால் முதலில் அந்தக் கொயினாவைத்தான் கேட்பார்.

இன்றுவரை ஒரு மூட்டையைத் தனியாகத் தூக்க என்னால் முடியவில்லை. ஒரு தலைப்பை நான் பிடிப்பேன், மறு தலைப்பைப் பூமணி பிடிப்பாள். எங்கள் வீட்டு நெல் இத்தனை வருடமும் அப்படித்தான் வண்டி ஏறுகிறது. மூட்டை ஏற்றும் நாளில் எனக்கு மட்டும் பிள்ளைகள் தேத்தண்ணி தருவதில்லை, கொத்தமல்லித் தண்ணிதான்.

போன கிழமை கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். அவளுக்கு இடம் கிடைத்தது, நான் நின்றேன். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்பி என்னை உலுப்பியது. அடுத்த தரிப்பில் பக்கத்து இடம் காலியாக, இருக்கப் போனேன். அவள் தன் பையை அதில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"இருக்காதேங்கோ, இன்னும் கொஞ்சம் நிண்டு வாங்கோ. மூட்டை ஏத்திற நாள் கிட்டுதெல்லோ."