மில்லிகிராம் பிரித்த தோட்டாக்கள்

உலகத்தில் எந்த இரண்டு பொருளும் ஒரே மாதிரி இருக்காது என்று கண்டுபிடித்து, அதற்காகத் தூக்கம் கெட்ட ஒரே ஆள் திண்டுக்கல்லில்தான் இருந்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எண்பதுகளில் எங்கள் ரைஃபிள் கிளப்பில் அவர் பெயர் மில்லிகிராம்.

தோல் பதனிடும் ஷாப்பில் அவருக்குக் கெமிஸ்ட் வேலை. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளியிடம் அனுமதி வாங்கி, கிளப் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அதில் நிறுப்பார். பிறகு சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகையில் உருட்டி விடுவார். உருளும்போது தள்ளாடினால் அந்தத் தோட்டாவின் கதை முடிந்தது. ஊறும் தோலின் வாசனையில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு நடக்கும் இந்த வைபவத்துக்குத் துணைக்கு நான்.

"ஃபேனையாவது போடுங்கண்ணே."

"காத்துப் பட்டா முள்ளு ஆடும் அப்பு. செத்த நேரம் மூச்சையும் மெதுவா விடு."

"இம்புட்டுக்காண்டு வித்தியாசம் என்ன செஞ்சிரும்?"

"பக்கத்துல சுட்டா ஒண்ணும் செய்யாது. தூரம் போகப் போகத்தான் பல்லக் காட்டும். ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும். நீ பாட்டுக்கு ஒன் கைய நொந்துக்குவ."

பிரித்ததைப் போட்டு வைக்க மூன்று பிஸ்கட் டப்பாக்கள். எடையும் உருளலும் ஒத்துப்போனவை 'மாப்பிள்ளை'. ஓரளவு ஒத்தவை 'மாப்பிள்ளைத் தோழன்'. மற்றதெல்லாம் 'பந்திக்கு வந்தவன்'. மாப்பிள்ளை டப்பாவை யாரும் தொடக் கூடாது. அது கோப்பைப் போட்டிக்கு. வருஷம் முழுக்க நாங்கள் பந்திக்கு வந்தவனைத்தான் சுட்டோம். குறி தப்பினால், "குண்டு சரியில்லண்ணே" என்போம். அவரும் மனசார ஒப்புக்கொள்வார். இவ்வளவு வசதியான மனிதரை நான் பார்த்ததில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். "வெண்டக்கா வாங்கப் போனா ஒரே நீளமாப் பொறுக்கிட்டு சாயங்காலம் வாராரு தம்பி" என்று அவர் மனைவி என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போனவர், லட்டுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை கட்டிவிட்டார். முதல் பந்தியில் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு நெல்லிக்காய் அளவில் லட்டு வந்ததும், தாலி கட்டி முடிந்துவிட்டதே என்று பெண்ணின் அப்பா நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

கோப்பை எப்போதும் மதுரைக்காரர்களிடமே இருந்தது. அந்த வருஷம் கடைசிச் சுற்றில் மதுரை வக்கீல் ஒருவரும் நானும்தான் பாக்கி. அந்தச் சுற்று மட்டும் தனியாக ஒரு நாள், குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் அடியில். நான் ஜெயித்தால் முதல் தடவையாகக் கோப்பை திண்டுக்கல்லுக்கு வரும்.

வக்கீல் தோட்டாப் பெட்டியோடு வந்தார். சாவி மதுரையில் அவர் மேஜை மேல் இருந்தது. பூட்டோ நம் திண்டுக்கல் பூட்டு. இழுத்தார்கள், ஆட்டினார்கள், கம்பியை விட்டு நோண்டினார்கள், அசையவில்லை. உள்ளே தோட்டா இருக்கும் பெட்டியைச் சுத்தியலால் அடிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எங்களுக்கு ஒரே பெருமை.

"சுடாமயே கப்பு நமக்குத்தான்" என்று கிளப் செயலாளர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

மில்லிகிராம் மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தார். "வக்கீல் சாரும் இதுலயே சுடட்டும்."

செயலாளருக்கு மூச்சே நின்றுவிட்டது. "அண்ணே, குடுக்கிறதுதான் குடுக்கிறீக, பந்திக்கு வந்தவனக் குடுங்களேன்!"

"ஏலே, ரெண்டு பேருக்கும் ஒரே குண்டு. அப்பத்தானலே எவன் நல்லாச் சுட்டான்னு தெரியும்!"

சீட்டுப் போடுவது போல எனக்கொன்று, அவருக்கொன்று என்று பங்கு வைத்தார்.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றேன். என் கடைசித் தோட்டா அட்டையின் ஓரத்துக்குப் போய்விட்டது. வழக்கம்போல "குண்டு சரியில்ல" என்று வாய் வரைக்கும் வந்தது. அதே டப்பாவில் சுட்டு ஜெயித்தவர் எதிரே நிற்கிறார், விழுங்கிக்கொண்டேன். செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மில்லிகிராம் என் அட்டையை வாங்கி வெயிலில் பிடித்து, அந்த ஓட்டையையே வெகு நேரம் பார்த்தார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"ஒன் மேல தப்பில்ல அப்பு. இந்தக் கடைசிக் குண்டு உருட்டையிலேயே லேசாத் தள்ளாடுச்சு. நாந்தான் அசந்துட்டேன்."

அந்த டப்பாக் குண்டுகளை உருட்டிய அன்று பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எதுவும் தள்ளாடவில்லை. வாழ்க்கையில் ஒரு மில்லிகிராம்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், எனக்காக அத்தனை பேர் முன்னால் தன் தராசையே விட்டுக்கொடுத்தார். கோப்பை போனதில் எனக்கு இன்று துளி வருத்தமும் இல்லை. அவரைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும் போலிருக்கிறது.