மணி அடித்தால் எழுந்து நிற்கும் தங்கள் மருமகன்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் நலமில்லை என்று தனியாக எழுதச் சொல்கிறாள். அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், அச்சு இயந்திரமும் மக்கர் செய்யாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மருமகன், அதாவது என் மகன், அந்தப் பார்சல் கம்பெனிக்கான புரோகிராமை மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அவனுடைய ஆபீஸில் எச்சரித்ததும் (அவன் வேலை பார்ப்பதே வீட்டிலிருந்துதான், இன்னும் எந்த வீட்டுக்கு அனுப்புவார்களோ தெரியவில்லை), நான் பதறிப்போய்த் தங்களிடம் வந்து நின்றதும், தாங்கள் பெரிய மனது வைத்து அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் நாற்காலியை அவனுக்காகக் காலியாக வைத்திருப்பதும் நினைவிருக்கும். அந்த நாற்காலியைத் தாராளமாக வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பையன் திருந்திவிட்டான்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு நாள் காலை அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரே கறுப்பு, நடுவில் நாலைந்து வெள்ளை எழுத்துகள். மிஷினுக்கு உயிர் போய்விட்டது என்று நினைத்து முதலுதவியாகப் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, "அப்பா, அது அப்படித்தான் இருக்கும். அதுக்குப் பேரு கமாண்ட் லைன். படம் கிடையாது, பட்டன் கிடையாது. நாம டைப் பண்ணிச் சொன்னா அது கேக்கும்" என்றான். சொன்னால் கேட்கும் ஒரு பொருள் இந்த வீட்டுக்குள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குள் அவனே சொந்தமாக ஒரு டைமர் செய்து வைத்திருக்கிறான். வேலையின் பெயரை டைப் அடித்து ஒரு பட்டனைத் தட்டினால் இருபத்தைந்து நிமிடம் ஓடும், தலை நிமிராமல் வேலை செய்கிறான். மணி அடித்தால் எழுந்து நிற்கிறான், ஐந்து நிமிடம் ஓய்வு. மறுபடி அடித்தால் உட்காருகிறான். முடிந்த வேலைக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுகிறது. முடியாத வேலையை யாரும் திட்டாமலே அது அடுத்த நாளைக்குத் தள்ளி வைத்துக்கொள்கிறது. நான் ஆயுள் முழுக்க பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். தொண்டை வற்ற விசில் ஊதியும் ஒரு டிரைவரைக் கையிலிருந்த டீயைக் கீழே வைக்கச் செய்ததில்லை. இவனோ கொசு ரீங்காரம் போன்ற ஒரு மணிக்கு எழுந்து நிற்கிறான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, மைத்துனரே. தங்கள் தங்கைக்கு மட்டும் பொறாமை. "பெத்தவ கூப்பிட்டா காது கேக்காது. அந்தப் பொட்டி கூப்பிட்டா மட்டும் சோத்துக் கையோட ஓடுறான்" என்கிறாள்.

எனக்கும் ஆசை வந்து என் பெயரில் ஒரு பட்டியல் போட்டுத் தரச் சொன்னேன். முதல் வேலை, குளியலறைக் குழாய். ரிப்பேர்காரர் வந்து பழைய குழாயைக் கழற்றவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே? "எழுந்திரிங்க, அஞ்சு நிமிஷம் ரெஸ்ட்" என்று அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன். "ஐயா, நான் ரெஸ்ட் எடுத்துக்கறேன். தண்ணி எடுத்துக்காதுங்களே!" என்று அவர் கதறக் கதற ஹாலில் வெள்ளம், செருப்புகள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன, கீழ்வீட்டுக்காரர் நனைந்த தலையணையோடு படியேறி வந்துவிட்டார். அந்தக் களேபரத்தில் எதையோ தட்டப்போய் எனக்கும் ஒரு பச்சை டிக் விழுந்தது. "வீட்டை மூழ்கடிச்சிட்டு டிக் போட்டுட்டு நிக்கிறாரு மனுஷன்" என்றாள் தங்கள் தங்கை. இருந்தாலும் அந்த டிக்கைப் பார்த்தபோது உண்டான பெருமிதத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

மகனோ டிக் டிக்காகக் குவிக்கிறான். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை திரை பச்சைப் பசேல் என்றிருக்கிறது. அந்த டைமரை இன்டர்நெட்டில் போட்டானாம், முகம் தெரியாத புரோகிராமர்கள் எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதுகிறார்களாம், அவனுடைய மேலாளரே தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். இவனா என் பிள்ளை என்று கதவோரம் நின்று வாய் பிளந்து பார்க்கிறேன். வேலை போகும் என்ற பயம் எனக்கு அறவே இல்லை.

தங்கள் கண் பார்வையும் கால் வலுவும் குறையாமல், அச்சில் ஏறும் எழுத்தெல்லாம் பிழையின்றி விழ வேண்டுகிறேன். மருமகனைத் தாங்கள் மனதார வாழ்த்த வேண்டும்.

இப்படிக்கு,
பெருமையில் திளைக்கும்,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மேலாளர் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் என் காதிலும் விழுந்தது. "பார்சல் வேலை எந்த மட்டுல இருக்குப்பா?" என்று கேட்டார். "சார், அதை ஒழுங்கா முடிக்கத்தான் இந்த டைமரையே செஞ்சேன். டைமரைச் செஞ்சு முடிச்சதும் அதைத் தொடங்கிடுவேன்" என்றான் தங்கள் மருமகன். ஓடிப் போய்த் திரையைப் படித்தேன். நான் வாய் பிளந்து பார்த்த பச்சை டிக்குகள் எல்லாம் "மணிச் சத்தத்தை மாற்று", "டிக்குக்கு இன்னும் நல்ல பச்சை தேடு" என்ற வகை. கடவுளே என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டபோது மேலாளர் குரலைத் தாழ்த்தி, "சரி, அதை விடு. டிக்கை நீலமா மாத்த முடியுமா? அது சரியா அமையட்டும்னு நானும் என் வேலையைத் தொடங்காம இருக்கேன்" என்றார். ஆகவே அந்த நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முடிந்தால் பக்கத்தில் இன்னொன்றும் போட்டு வையுங்கள். மேலாளரும் குரலுக்கு நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.