பச்சை முகத்து மாதா

முன்னறை எனக்கு வேண்டும் என்று முடிவெடுத்தேன். கலியாணத்துக்குப் பிறகு நானாக எடுத்த முதல் முடிவு அது.

குருநகரில் எங்கள் வீட்டிலேயே காற்றும் காலை வெளிச்சமும் வருகிற ஒரே அறை அதுதான். நான் பென்சன் எடுத்த நாளிலிருந்து உட்காரும் கதிரையோடு வீட்டுக்குள் அகதியாக அலைந்தேன். குசினியில் இருந்தால் சமையலுக்கு இடைஞ்சல். விறாந்தையில் இருந்தால் அங்கேதான் கூட்ட வேண்டும். என் மனைவி மரியநாயகியோ முன்னறையைத் தன் தமக்கையின் மகள் லவீனா தையல் கடை போட என்று நேர்ந்துவிட்டிருந்தாள்.

நேரே கேட்டால் கிடைக்காது. ஆகவே மாதாவைக் கூட்டி வந்தேன்.

"இஞ்சரும், நான் ஒயில் பெயின்ரிலை படம் கீறப் பழகப்போறன்."

"இந்த வயசிலையோ? என்ன படம்?"

"மாதாவும் பாலனும். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு இத்தாலிக்காரன் கீறினது. அதைப் பாத்துக் கீறப்போறன். முன்னறை வெளிச்சம் வேணும்."

மாதாவை எழுப்பிவிட்டுத் தையல் மெசினை வைக்க எந்தக் கத்தோலிக்கப் பெண்ணுக்கு மனம் வரும்? மெசின் விறாந்தையில் நின்றது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

சாட்டுக்குத்தான் தொடங்கினேன். ஆனால் பிடித்துப்போய்விட்டது. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரி சொல்லித் தந்தாள். அந்தக் காலத்து ஓவியர்கள் முகத்துக்கு முதலில் பச்சை பூசுவார்களாம். அது காய்ந்த பிறகுதான் மேலே மெல்லிசாகத் தோல் நிறம். அப்போதுதான் கன்னத்தில் இரத்தம் ஓடுமாம். நானும் பச்சை பூசினேன். ஒயில் பெயின்ற் இலேசில் காயாது. காயும்வரை அறை எனக்கு.

மரியநாயகி தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்தாள்.

"மாதாவுக்கு என்ன சுகமில்லையோ? முகம் பச்சையாக் கிடக்கு."

"அது அடிப்பூச்சு. இனித்தான் தோல் நிறம் வரும்."

"எப்ப முடியும்?"

"உது அவசரப்படுற வேலையில்லை. ஒரு வருசம் செல்லும்."

"ஓம், ஆறுதலாச் செய்யுங்கோ."

அவள் இவ்வளவு இலேசாக ஓம் போட்டதே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பச்சை காய்ந்த அன்று ரவுண் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளையும் சிவப்பும் வாங்கினேன். மாதாவின் கன்னத்தையே நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். வேலைக்குப் போன காலத்தில் ஒருநாளும் இவ்வளவு சந்தோசமாக நான் வீடு திரும்பியதில்லை.

வாசல் நிறையச் செருப்பு. முன்னறை விரியத் திறந்து கிடந்தது. நான் கீறிய படம் சுவரில், மாலையோடு. கீழே மெழுகுதிரி. அயல் பெண்கள் முழந்தாளில் நின்று செபமாலை சொன்னார்கள்.

"பாதர் வீடு மந்திரிச்சு ஆசீர்வதிக்க வந்தவர்," என்றாள் மரியநாயகி. "படத்தையும் மந்திரிச்சுவிட்டவர். இனி இது செப அறை."

"இன்னும் முடியேல்லையப்பா. முகம் பச்சை."

"மந்திரிச்ச படத்திலை பெயின்ற் பிறஸ் வைக்கப்போறியளோ?"

அவ்வளவு பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "எங்கடை பாவங்களைப் பாத்துத்தான் மாதாவின்ரை முகம் இப்பிடிப் போட்டுது," என்று அடுத்த வீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள்.

பாதரிடம் ஓடினேன். "வின்சன்ற், சனம் அழுது மன்றாடுற முகம். அப்பிடியே விடும்," என்றார்.

இந்த ஆயுளில் ஆசைப்பட்டுச் செய்த ஒரே வேலை, ஒரு பூச்சு மிச்சமிருக்கத் தொங்குகிறது. அதை முடிக்க எனக்கு உரிமையில்லை. போகட்டும், அறை லவீனாவுக்கும் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தேன்.

விடிய எழும்பினால் முன்னறையில் கடகடவென்று சத்தம். மாதாவுக்கு நேர் கீழே தையல் மெசின். லவீனா சட்டை தைக்கிறாள்.

"செப அறை எண்டீர்?"

"செபம் பின்னேரந்தானே," என்றாள் மரியநாயகி, ஊசியில் நூலைக் கோத்தபடி. "பகலிலை தைச்சா மாதா கோவிக்கமாட்டா. நாசரேத்திலை அவவும் தைச்சவதானே."