பெரியவர் பக்கம் நின்ற மேஜர்

தனக்குத் துளிகூடச் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்துக்காக மேஜர் கவலைப்பட்ட அளவுக்கு, சொந்த மகளின் கல்யாணத்துக்காக எந்தத் தகப்பனும் கவலைப்பட்டிருக்க மாட்டான். போர்ட் பிளேரில் புயல் எச்சரிக்கை வந்தால் ஊரே கவலைப்படும். நிலம் லேசாக ஆடினாலும் ஊரே கவலைப்படும். மேஜருக்கு அதெல்லாம் அப்புறம்தான். உலகத்தின் தலைசிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர் யார் என்ற கேள்வி தீராதவரை அவருக்குச் சோறு இறங்காது.

அவர் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில் கேபிள் டிவி நடத்தியவர். கோல்ஃபில் வருஷத்துக்கு நான்கு பெரிய போட்டிகள் நடக்கும். அவற்றுக்கு மேஜர் என்று பெயர். யார் போய், "அண்ணே, படம் தெரியல" என்று புகார் சொன்னாலும், "இந்த மேஜர் முடியட்டும், வந்து பாக்குறேன்" என்பார். ஒரு மேஜர் முடிந்தால் அடுத்த மேஜரைப் பற்றிய கவலை ஆரம்பித்துவிடும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். அரசாங்க உத்தியோகம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். நான் போன புதிதில், வாடகைக்கு வீடு தேடி ஓர் இளம் கடற்படை அதிகாரி வந்தார். தெருக்காரர்கள் "மேஜர் ஸாப் கா கர்", மேஜர் ஐயா வீடு, என்று வழிகாட்டி அனுப்பியிருக்கிறார்கள். லுங்கியும் பனியனுமாக மேஜர் வெளியே வந்ததும், அந்தப் பிள்ளை குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தது.

"கோன்ஸா ரெஜிமென்ட், ஸார்?"

எந்தப் படைப்பிரிவு என்று கேட்கிறார். மேஜருக்கு யார் எதைக் கேட்டாலும் காதில் ஒரே கேள்விதான் விழும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹம் புரானே வாலே கே ஸாத் ஹை" என்றார். நான் பழையவர் பக்கம்.

பழைய படைப்பிரிவு போலிருக்கிறது என்று அதிகாரி இன்னொரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பழையவரை மேஜர் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். 'பெரியவர்' என்பார். அவருக்கு இரண்டு தலைமுறை பின்னால் வந்து உலகத்தைக் கலக்கியவர் 'சின்னவர்'. பெரிய கோப்பைகளைப் பெரியவர் அதிகம் வாங்கியிருந்தார். சின்னவர் அந்தக் கணக்கை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தார். மேஜரின் இரத்தக் கொதிப்பு முழுவதும் அந்தச் சின்ன இடைவெளியில் குடியிருந்தது.

கேபிள்காரருக்கு கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர் அப்பா இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். துரைமார்கள் ஆடும்போது மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் நடப்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. பிற்பாடு குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பையை வைத்துவிட்டு வந்தாலும் பேச்சை அப்பா கொண்டுவந்துவிட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே மகனுக்குப் பெரியவரின் பெருமைகளைச் சொல்லியிருக்கிறார்.

மேஜர் தன் வாழ்நாளில் ஆடியது ஒரே ஒரு அடி. கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த பந்து ஒன்று அகப்பட, மூங்கில் வேரைச் செதுக்கி மட்டையாக்கி, வீட்டு வாசலில் நின்று வீசினார். பந்து தெருவைத் தாண்டிப் போய் எதிர்ச்சாரி மருந்துக்கடையின் கண்ணாடி போர்டில் இறங்கியது. கடைக்காரர் மலையாளி. ஊருக்கே அவர் சேட்டன். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அடிக்க வருகிறார் என்று எல்லோரும் நினைக்க, "எந்தா மேஜரே, தோளைச் சரியா திருப்பலையே? சின்னவன் ஆடுறதைப் பாத்துப் படிக்கணும் கேட்டோ" என்றார்.

அன்று ஆரம்பித்த சண்டை அது. தலைவலி மாத்திரை வாங்கப் போனவர்கள் தலைவலியோடு திரும்பினார்கள்.

"அந்தக் காலத்து மட்டை கட்டை மட்டை! பந்து எங்க போவும்னு பந்துக்கே தெரியாது. அதை வச்சுக்கிட்டு ஜெயிச்சாரு பெரியவரு" என்பார் மேஜர்.

"அந்தக் காலத்துல ஆடினது ரெண்டு மூணு நாட்டுக்காரன். சின்னவன் காலத்துல துனியா முழுக்க வந்து ஆடுறான். அவனுங்க எல்லாரையும் அடிச்சான் இல்லே?"

"ரெண்டாவதா வந்ததையும் சேத்து எண்ணுங்க! பெரியவரு எத்தனை தடவை ரெண்டாவது வந்தாரு தெரியுமா?"

"ரெண்டாவது வந்தா தோத்துன்னு அர்த்தம், மேஜரே."

மேஜர் உடனே கப்பலுக்குத் தாவுவார். "நம்ம அப்பன் ஆத்தா இந்தத் தீவுக்கு எப்படி வந்தாங்க? கப்பல்ல, நாள் கணக்கா வாந்தி எடுத்துக்கிட்டு. இப்ப வர்றவன் பிளேன்ல ஜன்னல் சீட்டுல குந்திக்கிட்டு சாண்ட்விச் திங்கிறான். ரெண்டு பேரும் அந்தமானுக்குத்தான் வந்தான். யாரு பெரியவன், சொல்லுங்க?"

சேட்டன் யோசித்துவிட்டு, "பிளேனுக்கு டிக்கெட் வாங்கினவன்" என்பார்.

மேஜர் போட்டி நடக்கும் நாட்களில் தெருவின் கதி அதோகதிதான். ஒருமுறை எல்லோருடைய சீரியல் சேனலையும் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கோல்ஃபைப் போட்டுவிட்டார். கதாநாயகி விஷம் குடிக்கும் கட்டத்தில் திரை முழுக்கப் பச்சைப் புல். ஒரு வெள்ளைக்காரர் தரையில் படுத்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ், பெங்காலி, தெலுங்கு என்று எல்லா மொழியிலும் பெண்கள் திரண்டு வந்தார்கள். முன்னால் நின்று கோஷம் போட்டது மேஜரின் மனைவி பார்வதி அண்ணி. "என்னாங்க, அவ செத்தாளா பொழச்சாளா? அதைச் சொல்லுங்க, இல்ல ஒயரை அறுத்துப்புடுவேன்." மேஜர் கட்டுப்படும் ஒரே ஆள் அண்ணிதான். சேனல் திரும்பி வந்தது.

போன ஜூலையில் ஒரு நாள் அண்ணி மாடியேறி வந்தார். லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பேயில், மேஜரின் தங்கை புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறாள். ஞாயிற்றுக்கிழமை விசேஷம்.

"நான் வரலை தம்பி. நீங்க அவரு கூடப் போயிட்டு வாங்க. தனியா விட்டுடாதீங்க."

"கோல்ஃப் இருக்குதே அண்ணி. கடைசி நாள் ஆட்டம். அண்ணன் எப்படி வருவாரு?"

"வருவாரு. நான் சொல்லிட்டேன்" என்றார். அவர் முகம் சரியில்லை. மழைக்கால ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மேஜர் போட்டியில் சின்னவர் மூன்று நாள் ஆட்டம் முடிந்து முன்னணியில் இருந்தார். ஜெயித்தால் இடைவெளியில் ஒன்று குறையும். கப்பலில் மேஜர் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மென்றபடி நின்றார். தங்கை வீட்டில் பால் பொங்கியபோது எல்லோரும் குலவையிட, அவர் மட்டும் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கி சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். பத்தே நிமிஷத்தில் காற்று திசை மாறி மழை சாய்த்து அடிக்க ஆரம்பித்தது. கரண்ட் போயிற்று. டவரும் போயிற்று.

திங்கட்கிழமை கப்பல் இல்லை என்று ஜெட்டி என்கிற கப்பல்துறையில் சொல்லிவிட்டார்கள். கடல் சாம்பல் நிறத்தில் எழுந்து எழுந்து விழுந்தது. மேஜர் ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. தங்கை பலகாரத் தட்டோடு பின்னாலேயே அலைகிறாள், இவர் ஒரு பந்தை நினைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார்.

"அண்ணே, யார் ஜெயிச்சா என்ன? சாப்பிடுங்க."

"உனக்குப் புரியாது தம்பி. ரிசல்ட் வந்திருக்கும். இந்நேரம் சேட்டனுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியல."

பிற்பகலில் மழையோடு கிளம்பிவிட்டார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் வயர்லெஸ் கருவி வைத்துக்கொண்டு ஒரு பெங்காலி பாபு உட்கார்ந்திருந்தார். கப்பல் விஷயமாகப் போர்ட் பிளேரோடு பேசுவது அவர் வேலை. மேஜர் சொட்டச் சொட்ட உள்ளே போய் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"பாபு, போர்ட் பிளேர்ல சேட்டன் மெடிக்கல் ஷாப்புக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க. ரிசல்ட் க்யா ஆயான்னு கேக்கச் சொல்லுங்க. அர்ஜென்ட்."

"கிஸ்கா ரிசல்ட்?" என்றார் பாபு. யாருடைய ரிசல்ட்?

மேஜர் வாயைத் திறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து மூடிக்கொண்டார். எனக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. "கோல்ஃப் கா, பாபு" என்று போட்டு உடைத்தேன்.

பாபு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கோல்ஃப்? கடலில் இரண்டு படகு திரும்பவில்லை, நான் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், உனக்கு கோல்ஃப் வேண்டுமா?" என்று இந்தியில் கத்தினார். அந்தக் கத்தலில் வெளியே ஒதுங்கி நின்ற நாய்கூட எழுந்து போயிற்று.

மேஜர் நகரவில்லை. மிகச் சின்னக் குரலில் சொன்னார்.

"கோல்ஃப் நஹீ, பாபு. பீவி கா."

மனைவியுடைய ரிசல்ட்.

பார்வதி அண்ணிக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்த சதையைச் சேட்டன்தான் சோதனைக்காக விமானத்தில் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை அவருக்குத் தகவல் வரும். தெருவில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அண்ணி சத்தியம் வாங்கிவிட்டார். "இங்க இருந்தீங்கன்னா பயந்து பயந்து என்னையும் சாவடிச்சிடுவீங்க" என்று சொல்லித்தான் மேஜரைக் கப்பலேற்றியிருக்கிறார். இதையெல்லாம் மேஜர் விட்டு விட்டுச் சொன்னார். பாபு கருவியை இழுத்துப் போர்ட் பிளேரைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு நாற்காலியைக் காலால் மேஜர் பக்கம் தள்ளிவிட்டார்.

கரகரவென்று இரைச்சல். அந்தப் பக்கத்து ஆள் ஃபோன் செய்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். காத்திருந்தோம். மழை தகரக் கூரையை அடித்தது. நடுவில் படகுகள் இரண்டும் பக்கத்துக் கழிமுகத்தில் ஒதுங்கிவிட்டதாக ஒரு குரல் வந்தது. பாபு சிலுவை போலவோ கும்பிடு போலவோ ஏதோ செய்தார். மேஜர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியின் வலி எனக்கு அன்று உறைக்கவில்லை.

"அண்ணே, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்கு கோல்ஃப்னு திட்டிக்கிட்டு இருந்தேன்."

"அதுவும்தான் தம்பி, பொய் இல்லை. ஒண்ணை நெனச்சா இன்னொண்ணு மறந்துரும்னு பாத்தேன். ரெண்டும் சேந்து புடிச்சுக்கிச்சு."

இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஹட் பே, ஹட் பே. மெடிக்கல் வாலா போல் ரஹா ஹை... ரிசல்ட் டீக் ஹை. கேன்சர் நஹீ. பில்குல் டீக் ஹை." கேன்சர் இல்லை, ஒன்றுமே இல்லை.

பாபு, "ஸுனா? டீக் ஹை!" என்று மேஜையைத் தட்டினார். மேஜர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கருவியை இன்னும் அணைக்கவில்லை. மறுபடி அந்தக் குரல், கொஞ்சம் குழம்பிப்போய்: "ஒரு நிமிஷம், அந்த மெடிக்கல்காரர் இன்னொன்றும் சொல்லச் சொல்கிறார். சோட்டா வாலா ஹார் கயா. யாரோ புதுப் பையன் ஜெயித்துவிட்டானாம். பெரியவர் கணக்கு அப்படியே இருக்கிறது, மேஜரை நிம்மதியாகச் சாப்பிடச் சொல் என்கிறார். ஓவர்."

சின்னவர் தோற்றுவிட்டார். வருஷக் கணக்காகச் சின்னவருக்காக மேஜரோடு மல்லுக்கு நின்ற சேட்டன், கேட்காமலே தன் தோல்வியை வயர்லெஸில் அனுப்பியிருந்தார்.

"யே சோட்டா வாலா கோன் ஹை?" என்றார் பாபு. "குடும்பத்தில் இன்னொருவருக்கும் உடம்பு சரியில்லையா?"

அப்போதுதான் மேஜர் அழுதார். லுங்கி நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பாபு ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு மேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"பாவம்யா சின்னவன். மூணு நாள் முன்னால நின்னானே. எப்படித் தாங்குவான்?"

புதன்கிழமை கப்பல் விட்டார்கள். டாலிகஞ்சில் ஆட்டோ நின்றதும் மேஜர் எதிர்ச்சாரியைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். அண்ணி குழம்புக் கரண்டியோடு வெளியே வந்து, "என்னாங்க, இப்படி எளைச்சுப் போயி வந்திருக்கீங்க? உங்க தங்கச்சி சோறு போடலையா?" என்றார். சாயங்காலம் மருந்துக்கடையில், கட்டை மட்டையா இரும்பு மட்டையா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு வித்தியாசம், சின்னவர் தோளைத் திருப்பும் அழகை அன்று புகழ்ந்துகொண்டிருந்தவர் மேஜர். சேட்டனுக்கு அதை எப்படி எதிர்ப்பது என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் எனக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. மேஜர் போட்டி வந்தால் ஃபோனும் வந்துவிடும். "தம்பி, பாக்குறியா? புதுசா ஒரு பொடியன் வந்திருக்கான், இவன் பெரியவர் கணக்கைத் தொட்டுருவான் போலிருக்கே, எனக்குப் பக் பக்குங்குது" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன் அண்ணே என்பேன். என் வீட்டில் கோல்ஃப் சேனலே கிடையாது. ஆனால் அவர் கவலைப்பட்டு முடிக்கும்வரை நான் ஃபோனை வைத்ததில்லை.