ரெண்டரை மணி நேரக்காரர்

டெல்லியில் 'ரெண்டரை மணி நேரக்காரர்' என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஆபீஸ் செலவில், சென்னைக்கு விமானத்தில் போயிருப்பார். அன்றிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்குகிறவரிடமும், லோதி ரோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "ஆகாச மார்க்கமா ஆயிரத்து எழுநூத்தி அறுபது கிலோமீட்டர் சார், ரெண்டரை மணி நேரம்!" என்று ஒப்பித்துக்கொண்டே இருப்பார். வீட்டைப் பூட்டுவது, ஆட்டோக்காரனிடம் மல்லுக்கட்டுவது, வரிசையில் நிற்பது எதுவும் அதில் சேராது. பூமியில் நடப்பதெல்லாம் அவர் கணக்கில் வருமா என்ன?

சரோஜினி நகர் சிவஞானம் இந்த இனத்தில் அசல். அவருடைய தங்கை மகள் அபிராமிக்குத் தை மாதம் சென்னையில் கல்யாணம். பெண்ணின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வருவது மூத்த தாய்மாமனின் உரிமை. அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து சிவஞானம் காத்திருந்த உரிமை.

மனைவி இந்திராணியும் தம்பி பாலுவும் முன்னதாகவே ரயிலுக்குக் கிளம்பினார்கள்.

"அண்ணே, நீங்களும் வந்துருங்க. பனிக்காலத்துல பிளேனை நம்ப முடியாது" என்றான் பாலு.

"போலே! ரெண்டு நாள் ரயில்ல உருளுததுக்கு நான் என்ன உருளைக்கிழங்கா? ஆறு மணிக்கு ஏறினா எட்டரைக்கு மீனம்பாக்கம். முகூர்த்தம் பத்தரைக்கு. நடுவுல ஒரு தூக்கம்கூடப் போடலாம்."

கல்யாணத்தன்று காலை டெல்லி விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் விமானம் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. பட்டு வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் மப்ளர் என்று உட்கார்ந்திருந்த சிவஞானம், பக்கத்து சர்தார்ஜியிடம் ரெண்டரை மணி நேரக் கணக்கை இந்தியில் விளக்கினார். சர்தார்ஜி "அச்சா" என்றார். தூங்கிவிட்டார்.

ஒன்பது மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மண்டபத்துக்குப் போன் போட்டார்.

"இந்திராணி, கவலைப்படாத. கிளம்பிட்டா ரெண்டரை மணி நேரந்தான்!"

"கிளம்பிட்டாத்தானே?"

போனில் அவளுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

அவர் மண்டபத்தில் நுழைந்தபோது வாசல் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அபிராமியைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்தது பாலுவாம். ரயிலில் உருண்டு வந்த அதே பாலு! சிவஞானத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையும் கழுத்துமாக அபிராமி ஓடி வந்தாள்.

"ஏன் மாமா இவ்வளவு நேரம்?"

அழுகை அப்படியே நின்றது. சிவஞானம் கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"யாரு சொன்னா? பிளேன் மேல ஏறினதுலேருந்து கணக்குப் பாரு தாயி. ரெண்டரை மணி நேரந்தான்!"

சிரிக்கிறீர்களா? இந்த இனம் விமானத்தில் ஏறினால்தான் உண்டாகும் என்றில்லை. நேற்று இடுப்பில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டு, "இதோ வந்துக்கிட்டே இருக்கேன், பத்தே நிமிஷம்" என்று போனில் சொன்னீர்களே, அங்கே உங்களுக்காகக் காத்திருந்தது யார்?