ஜோசப்பினுக்குப் பிடிக்காத டிராக்டர்கள்

ட்ரையல் பார்க்க எடுத்து வந்த கை டிராக்டர், பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பனின் லீக்ஸ் பாத்தியில் மூக்கைக் குத்தி நின்றது. அதன் கைப்பிடியை விடாமல் பிடித்தபடி அலோசியஸும் கூடவே போய்ச் சேர்ந்திருந்தார்.

"அது நம்ம தோட்டம் இல்லைங்களே," என்றாள் ஜோசப்பின், மேலே நின்றபடி.

"தெரியுது."

"இல்ல, அவருக்கு உழுதுகுடுக்கத்தான் போனீங்களோன்னு நெனச்சேன்."

ராகலையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதற்குப் பெயர் நிலம். ஆனால் நேராக நிற்க வேண்டுமென்றால் ஒரு காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், விதைத்ததில் பாதி மண்ணோடு கரைந்து குசினி வாசலுக்கு வந்துவிடும். அங்கேதான் இருவரும் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால் வாழ்ந்தது என்ன வாழ்க்கை? அவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், அவளுக்கு விடிந்தால் பெரட்டுக்களத்தில் பேர் கொடுப்பு, பிறகு மலையில் கொழுந்து பறிப்பு. அவர் வர, அவள் போக. வேலையை விட்ட பிறகுதான் ஆளுக்கொரு மம்பட்டியோடு ஒரே இடத்தில் நின்றார்கள். ஜோசப்பின் ஊர்க்கதை எல்லாம் சொல்வாள், அலோசியஸ் 'ம்' கொட்டுவார்.

போன மாசம் குனிந்தவள் நிமிரவில்லை. இனி மம்பட்டியைத் தொட்டால் படுக்கைதான் என்றுவிட்டார் டாக்டர். அலோசியஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் மற்றவர்கள் பயம் வந்தால் மாதா கோயிலுக்குப் போவார்கள். அவர் நுவரெலியாவில் செல்வரத்தினம் கடைக்குப் போனார்.

யாழ்ப்பாணத்துக்காரரான செல்வரத்தினம் அங்கே தோட்ட மிஷின் விற்கிறார்; அந்தக் கை டிராக்டர் அவர் கொடுத்துவிட்டதுதான். லீக்ஸ் கதையைக் கேட்டுவிட்டு, "சரிவெண்டா பாரம் காணாது அண்ணை. சில்லுக்கு இரும்புக்கட்டி போடுவம்," என்றார்.

சக்கரங்களில் இரும்புக்கட்டி போட்டதும் மிஷின் வழுக்குவதை விட்டது. கூடவே திரும்புவதையும் விட்டது. அலோசியஸ் வேறு வழியில்லாமல் மேலிருந்து கீழே நேர்கோடாக உழுது தள்ளினார். பின்னேரம் மழை பிடித்தது. உழுத சால் ஒவ்வொன்றும் ஓடையாகி, மண் குசினிக்குள்ளேயே வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனது.

"எந்த மலையிலயாவது தண்ணிக் கானை மேலேருந்து கீழ வெட்டிப் பாத்திருக்கீங்களா?" மண்ணை வாரிக்கொண்டே கேட்டாள் ஜோசப்பின். "குறுக்காலதானே வெட்டுவாங்க."

"ஃபேக்டரிக்குள்ள ஏதுடி மலை?" என்று அவளிடமிருந்து தட்டைப் பிடுங்கினார் அவர். "நீ குனியாத, போ."

அடுத்து வந்தது உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி டிராக்டர். அகலச் சில்லு, ஒரு சீட். உள்ளே கொண்டுவர வழியில்லை என்று மண்ணைத் தாங்கி நின்ற கல்லுக்கட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். மிச்சக் கல்லுக்கட்டு பெருந்தன்மையாகத் தானே விழுந்தது. அதோடு போன பீட்ரூட்டும் கந்தப்பனுக்கே.

இனி மனுஷனை நம்பிப் பலனில்லை என்று ஃபாதரைக் கூட்டிவந்து டிராக்டரை மந்திரிக்க வைத்தார்.

"வாங்காத மிஷினை யாராவது மந்திரிப்பாங்களா?" என்றாள் ஜோசப்பின்.

"வாங்கிட்டு உருள்றத விட இது மேல்."

ஆச்சரியம் பாருங்கள், அது உழுதது. சரிவுக்குக் குறுக்கே, கான் வெட்டின மாதிரி, அழகாக. அலோசியஸ் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வந்தார். சத்தத்தில் காது அடைத்தாலும் மனசு நிறைந்திருந்தது. மேட்டில் ஒதுங்கி நின்ற ஜோசப்பின் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். பிறகு சும்மா நின்றாள்.

அவர் இறங்கி வந்து, "எப்படி?" என்றார்.

"பொகை வருது."

"கொஞ்சந்தானே."

"கலரும் நல்லால்ல. வேணாங்க, திருப்பிக் குடுத்துருங்க."

அலோசியஸுக்குப் பொறுக்கவில்லை. "உன் இடுப்புக்காகத்தானே நாயா அலையுறேன்? நீ படுத்துட்டா எனக்கு யாரு இருக்கா? அதாச்சும் நெனச்சுப் பாத்தியா?"

ஜோசப்பின் அவர் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள், வெட்கப்பட்டவள் போலத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் செல்வரத்தினம் லொறியோடு வந்தார். அலோசியஸ் தலைநிமிராமல் சாவியைக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க மொதலாளி. எதக் கொண்டாந்தாலும் நொட்டம் சொல்றா. என்னதான் வேணும்னு வாயத் தொறந்து சொல்லவும் மாட்டேங்குறா."

"உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றார் செல்வரத்தினம். "போன ஞாயிறு பூசை முடிஞ்சு உங்கட மனுசி கடைக்கு வந்தவா. விலை கேக்கேல்ல, சரிவு ஏறுமோ எண்டும் கேக்கேல்ல. ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில இருந்து உழுற மிஷின் ஏதும் இருக்கோ எண்டு மட்டுந்தான் கேட்டவா."